சோளன் குருத்தில் சேனா படைப்புழு: பார்க்க வேண்டிய நாட்கள்

திருகோணமலை மாவட்டத்தில் பெரும்போக மழையை நம்பிச் சோளன் விதைப்பவர்கள், பயிர் முளைத்த கிழமையிலிருந்தே வரப்பில் நின்று பார்ப்பதோடு நில்லாமல் வயலுக்குள் இறங்கிச் சேனா படைப்புழு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குருத்துக் கந்தலான பிறகு மருந்து தேடி ஓடுவதைக் காணும்போது மனம் நோகிறது. அப்போது தெளிப்பதில் பெரும்பகுதி வீணாகிவிடும்.

அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து 2016இல் ஆபிரிக்காவிலும் 2018இல் இந்தியாவிலும் இலங்கையிலும் பரவிய இப்பூச்சியின் பெண் அந்து, இரவில் 100 முதல் 200 வரையான முட்டைகளைக் கும்பலாக இலையில் இட்டு, நரைத்த பஞ்சு போன்ற செதில்களால் மூடிவிடும். வெப்பமான காலநிலையில் அவை இரண்டு மூன்று நாட்களில் பொரிக்கும். இளம் புழுக்கள் இலையின் பச்சையைச் சுரண்டுவதால் கண்ணாடி போன்ற வெண்திட்டுகள் தோன்றும். சில நாட்களில் குருத்துக்குள் இறங்கிவிடும் புழு, மரத்தூள் போன்ற தன் எச்சத்தால் மேற்புறத்தை அடைத்துக்கொண்டு உள்ளிருந்தே தின்னும். அந்த எச்சமே மருந்து படாதபடி அதைக் காக்கிறது. 6 பருவங்களைக் கடக்க 14 முதல் 22 நாட்கள் எடுக்கும் புழு, கடைசிப் பருவத்திலேயே மிக அதிகமாகத் தின்கிறது. பின்னர் மண்ணுக்குள் 2 முதல் 8 சென்ரிமீற்றர் ஆழத்தில் கூட்டுப்புழுவாகிறது. முழு வட்டமும் ஏறத்தாழ 30 நாட்களில் முடிவதால், ஒரே பயிரில் அடுத்த தலைமுறையும் வந்துவிடும்.

தலையில் கவிழ்த்த கவைக்கம்பு போன்ற வெளிர்கோடும், வால் அருகே சதுரமாக அமைந்த 4 கரும்புள்ளிகளும் இருந்தால் அது சேனாவேதான்.

கிழமைக்கு இருமுறை, வயலின் 5 இடங்களில் இடத்துக்கு 20 பயிராகப் பாருங்கள். மொத்தம் 100 என்பதால் நூற்றுவீதம் உடனே தெரியும். முட்டைக் கும்பலை விரலால் நசுக்குவதே மிகச் சிறந்த வேலை, அதற்குச் செலவும் இல்லை. சிறு வயல்களில் குருத்துக்குள் உலர்ந்த நுண்மணலோ சாம்பலோ இடலாம். இளம் புழுவுக்கு வேப்பங்கொட்டைச் சாறு பயன்படும். அதற்கும் கட்டுப்படாவிட்டால், கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு, விவசாயத் திணைக்களம் சிபாரிசு செய்த பீடைநாசினியை மட்டும், மாலையில், குருத்துக்குள் இறங்கும்படி தெளியுங்கள். ஒரே வகையைத் திரும்பத் திரும்பப் பாவித்தால் புழு அதற்குப் பழகிவிடும்.

அந்து ஓரிரவிலேயே நெடுந்தூரம் பறக்கக்கூடியது என்பதால், அயல் வயல்காரர்கள் பேசி வைத்து ஒரே காலத்தில் விதைப்பது நல்லது. அறுவடை முடிந்ததும் நிலத்தை ஆழமாக உழுது விடுங்கள். புரண்ட மண்ணில் வெளிப்படும் கூட்டுப்புழுக்களை வெயில் உலர்த்தும், உழவுக்குப் பின்னால் வரும் கொக்கும் மைனாவும் பொறுக்கித் தின்னும்.