துணையை இழந்தவரின் மறுமணம்: வேத வசனமும் வளவு உறுதியும்

கணவனையோ மனைவியையோ இழந்தவர் மறுமணம் செய்ய வேதாகமம் குறுக்கே நிற்பதில்லை. யாழ்ப்பாணத்தில் காரியம் இழுபடுவது பெரும்பாலும் சான்றிதழிலும் காணியிலும்தான்.

"வேதத்தில எங்க கிடக்கு?" என்று பெரியவர்கள் கேட்டால் 1 கொரிந்தியர் 7:39ஐ விரித்துக் காட்டுங்கள். கணவன் இறந்தபின் மனைவி விரும்பியவரை மணக்கலாம், ஆனால் ஆண்டவருக்குள் மட்டும். இளம் விதவைகள் மணம்செய்வதையே 1 தீமோத்தேயு 5:14 விரும்புகிறது. ஓராண்டுத் திவசம் முடியட்டும் என்பது ஊர் வழக்கம். மரியாதைக்காகப் பொறுக்கலாம், பாவம் என்று பயப்படத் தேவையில்லை.

இறந்த மனைவியின் தங்கையை மணக்கலாமா? லேவியராகமம் 18:18 தடுப்பது மனைவி உயிரோடிருக்கும் காலத்தில். நாட்டுச் சட்டத்திலும் தடையில்லை. அண்ணன் பிள்ளையில்லாமல் இறந்தால் தம்பி அண்ணியை ஏற்கவேண்டும் என்ற உபாகமம் 25:5ஐ இன்று திருச்சபைகள் கடமையாக்குவதில்லை. மனைவிக்கு முந்திய கணவனால் பிறந்த மகளை மணப்பது மட்டும் வேதத்திலும் சட்டத்திலும் ஆகாது.

இனிக் காணி. ரூத்தை மணக்குமுன் போவாஸ் ஊர்வாசலில் பத்து மூப்பரை இருத்தி, தன்னிலும் நெருங்கிய உறவினனைக் கூப்பிட்டு, முதலில் வயற்பேச்சைத்தான் எடுத்தார். அந்த உறவினன் தன் சொத்துக் கெட்டுவிடும் என்று செருப்பைக் கழற்றிக் கொடுத்து விலகினான். நீங்களும் அதே ஒழுங்கில் போங்கள். யாழ்ப்பாணத் தமிழரின் சொத்து வழக்குச் சட்டமான தேசவழமை கிறிஸ்தவத் தமிழருக்கும் பொருந்தும். மரணசாசனம் எழுதாமல் இறந்தவரின் தேடிய தேட்டத்தில், அதாவது முதல் மணக்காலத்தில் அவர் சம்பாதித்து வாங்கிய சொத்தில், பாதி உங்களுக்கு; மற்றப் பாதி அவருடைய வாரிசுகளுக்கு. மனைவியின் சீதன வளவு அவருடைய பிள்ளைகளுக்குரியது. அந்த வீட்டிலேயே புதுக் குடித்தனம் வைத்துவிட்டுப் பிறகு பேசலாம் என்றால் மாமி வீட்டாரோடு மனக்கசப்புத்தான் மிஞ்சும். கலியாணத்துக்கு முன்பே நொத்தாரிசிடம் காணி உறுதிகளை (பத்திரங்களை) காட்டிப் பங்கைத் தெளிவாக்குங்கள். 18 வயதாகாத பிள்ளையின் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும்.

இறப்புச் சான்றிதழின் மூலப்பிரதி, பழைய விவாகச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், அண்மையில் எடுத்த ஞானஸ்நானச் சான்றிதழ் ஆகியவற்றைச் சேருங்கள். விவாகச் சான்றிதழில் முழுப்பெயரும் இறப்புச் சான்றிதழில் முதலெழுத்தும் இருந்தால் பதிவாளர் திருப்பி அனுப்பக்கூடும். திருத்தத்துக்கோ சத்தியக் கடதாசிக்கோ நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

போரில் காணாமற்போனவரின் துணைக்கு இது கடினமான இடம். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தற்காலிகச் சட்டத்தால் இறப்புப் பதிவுக்கு வழி வந்தது; அது இன்றும் நடைமுறையில் உண்டா என்று பதிவாளரிடம் கேளுங்கள். 2016 திருத்தத்தால் வந்த காணாமற்போனதற்கான சான்றிதழ் இறப்பை உறுதிசெய்யாது. அதை வைத்து மறுமணம் முடியாது. கத்தோலிக்கருக்கு ஆயரின் மரண அனுமான அறிவிப்பும் தேவை (திருச்சபைச் சட்டம் 1707). எத்தனை வருடம் ஆளைக் காணவில்லை என்பது மட்டும் அதற்குப் போதாது. சாட்சிகளும் சூழ்நிலை விபரமும் வேண்டும். பங்குச் சுவாமியிடம் முதலில் இதைப் பேசிவிட்டுப் பிறகு நாள் குறியுங்கள்.

கோவிலில் ஓலை (திருமண அறிவித்தல்) வாசிக்கக் கொடுக்கும்போதும் பதிவாளரிடமும் "விதவை", "தாரமிழந்தவர்" என்று உள்ளபடியே எழுதுங்கள். வெட்கத்தில் "விவாகமாகாதவர்" என்று எழுதினால் பொய் விபரமாகிப் பின்னால் வில்லங்கம் வரும். விதவை ஓய்வூதியம் எடுப்பவர், மறுமணத்தின்பின் அது தொடருமா, பிள்ளைகளின் பெயருக்கு மாறுமா என்று பிரதேச செயலகத்தில் பதிவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.