எஸ்யூவி வாங்குமுன் இன்ஜின் திறன் போதுமா என்று சோதிப்பது எப்படி?

நடுத்தர எஸ்யூவி வாங்கச் செல்பவருக்கு ஷோரூமில் ஒரே காரை இரண்டு மூன்று இன்ஜின்களுடன் காட்டுவார்கள். ஹூண்டாய் கிரெட்டாவில் டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் செலுத்தும் கருவி) இல்லாத 1.5 லிட்டர் பெட்ரோல் 115 பிஎஸ் (குதிரைத்திறன் அலகு), டீசல் 116 பிஎஸ், டர்போ பெட்ரோல் 160 பிஎஸ். விலையேட்டைப் பார்த்தால் முதல் இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றும். ஆட்களையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு ஏற்காடு மலைப்பாதையில் ஏறினால் அவை வெவ்வேறு கார்கள். எனவே "எத்தனை பிஎஸ்?" என்ற கேள்வியோடு நிறுத்திவிடாமல், "எந்தச் சுமையில், எந்த ஆர்பிஎம்மில்?" என்றும் கேட்டுப் பழக வேண்டும். ஆர்பிஎம் என்பது இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்ற எண்ணிக்கை.

முதலில் உங்கள் சுமையைக் கணக்கிடுங்கள். காலி எடை சுமார் 1,250 கிலோ உள்ள காரில் 115 பிஎஸ் இன்ஜின் இருந்தால், ஒரு டன்னுக்கு 92 பிஎஸ் கிடைக்கிறது. ஐந்து பேரும் ஊருக்குப் போகும் பெட்டிகளுமாக 400 கிலோ கூடினால் அது 70 பிஎஸ்ஸாகக் குறைந்துவிடும். விற்பனையாளர் மட்டும் பக்கத்தில் அமர்ந்திருக்க, இரண்டு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு "பிக்-அப் நன்றாக இருக்கிறது" என்று முடிவு செய்வது இதனால்தான் பயனற்றது.

அடுத்ததாக, உண்மையில் எவ்வளவு திறன் தேவைப்படுகிறது என்று பார்ப்போம். இந்த 1,650 கிலோ எடையுடன் சமதளத்தில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் சீராகச் செல்லச் சக்கரங்களுக்குச் சுமார் 25 பிஎஸ் போதும். லாரியை முந்துவதற்கு 80-லிருந்து 100-க்கு ஐந்து விநாடிகளில் செல்ல வேண்டுமானால் நிலைமை மாறுகிறது. சக்கரங்களில் ஏறத்தாழ 80 பிஎஸ் தேவைப்படும். கியர்பாக்ஸில் வீணாவதையும் சேர்த்தால், இன்ஜின் 90 பிஎஸ்ஸுக்கு மேல் தர வேண்டும்.

அந்த 90 பிஎஸ் எப்போது கிடைக்கிறது என்பதை விலையேட்டிலிருந்தே கண்டுபிடிக்கலாம். டார்க்கை (இன்ஜினின் சுழற்று விசை; அலகு என்எம்) ஆர்பிஎம்மால் பெருக்கி 7,024-ஆல் வகுத்தால் அந்த நொடியில் கிடைக்கும் பிஎஸ் வந்துவிடும். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினின் உச்ச டார்க் 144 என்எம், அதுவும் 4,500 ஆர்பிஎம்மில். அங்கேதான் அது 92 பிஎஸ்ஸைத் தொடுகிறது. டர்போ பெட்ரோலுக்கு 253 என்எம் 1,500 ஆர்பிஎம்மிலிருந்தே கிடைப்பதால், 2,600 ஆர்பிஎம்மிலேயே சுமார் 94 பிஎஸ் வந்துவிடுகிறது. 250 என்எம் தரும் டீசலும் அதே இடத்தில் ஏறத்தாழ அதே அளவைத் தருகிறது. அதாவது டர்போ இல்லாத இன்ஜினும் முந்தும். ஆனால் கியரைக் குறைத்து, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்து, இன்ஜின் இரைவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதற்குத் தயங்கி நான்காம் கியரிலேயே முந்த முயல்பவருக்குத்தான் அந்தக் கார் ஆபத்தாகிறது.

டெஸ்ட் டிரைவ் கேட்கும்போது குடும்பத்தினர் நால்வரையாவது உடன் அழைத்துச் செல்லுங்கள். ஏசியை முழுதாக வையுங்கள். காலியான நெடுஞ்சாலைப் பகுதியில் மூன்றாம் கியரில் 40-லிருந்து 80-க்கு வர எத்தனை விநாடிகள் ஆகின்றன என்று பின்னால் இருப்பவரைக் கைப்பேசியில் அளக்கச் சொல்லுங்கள். ஓட்டுபவர் அளக்கக் கூடாது. ஆட்டோமேட்டிக் என்றால், சீரான வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென மிதித்து, கார் கியரைக் குறைத்து வேகமெடுக்க எவ்வளவு தயங்குகிறது என்று கவனியுங்கள். சில கார்களில் குறை இன்ஜினில் இல்லை, அந்தத் தயக்கத்தில்தான் இருக்கிறது. பிறகு மேம்பாலத்தின் ஏற்றத்தில் நிறுத்தி, மீண்டும் கிளப்பிப் பாருங்கள்.

மலைப்பாதைகளில் அடிக்கடி செல்பவர் இன்னும் இரண்டு செய்திகளை அறிந்திருக்க வேண்டும். உயரம் கூடக்கூடக் காற்றின் அடர்த்தி குறைவதால், டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் ஏறத்தாழ 10 சதவீதத் திறனை இழக்கிறது. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் அந்த 115 பிஎஸ் சுமார் 90-ஆகிவிடும். டர்போ இந்த இழப்பைப் பெருமளவு ஈடுசெய்கிறது. ஆனால் டர்போவுக்கும் ஒரு பலவீனம் உண்டு: கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் போன்ற இடங்களில் ஆர்பிஎம் 1,500-க்குக் கீழே விழுந்தால், சிறிய டர்போ இன்ஜின் ஒரு கணம் மூச்சற்று நின்றுவிடும். வளைவுக்குள் நுழையுமுன்பே கியரைக் குறைத்துக்கொள்வதுதான் தீர்வு; வளைவின் நடுவில் கிளட்சை அழுத்திக்கொண்டிருக்கக் கூடாது.

நான்கு மீட்டருக்குட்பட்ட எஸ்யூவிகளில் பெரிய இன்ஜின் அரிதாக இருப்பதற்கு வரியே முக்கியக் காரணம். நான்கு மீட்டரும் 1,200 சிசியும் தாண்டாத பெட்ரோல் காருக்கு 2025 செப்டம்பர் முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம். தாண்டினால் 40 சதவீதம். டாடா நெக்ஸான் 1.2 லிட்டர் டர்போவிலிருந்து 120 பிஎஸ் எடுப்பது இந்த எல்லைக்குள் நின்றுதான்.

என் கருத்தில், நகருக்குள் ஒருவர் இருவராகச் செல்பவருக்கு 103 பிஎஸ் கொண்ட மாருதி கிராண்ட் விட்டாராவே தாராளம். அவர் டர்போவுக்குக் கூடுதலாகச் செலவிட வேண்டியதில்லை. மாதந்தோறும் முழுக் குடும்பத்துடன் இருவழிச் சாலைகளில் ஊருக்குச் செல்பவருக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். அங்கே கூடுதல் டார்க் ஆடம்பரமன்று, எதிரே பேருந்து வரும்போது தேவைப்படும் பாதுகாப்பு. அவர் வண்டி ஓட்டும் தூரம் அதிகமென்றால் டீசலையும், குறைவென்றால் டர்போ பெட்ரோலையும் பார்க்கலாம். டர்போ பெட்ரோலை அழுத்தி ஓட்டினால் மைலேஜ் சட்டெனச் சரியும் என்பதால், விலையேட்டிலுள்ள எண்ணை நம்பாமல், டெஸ்ட் டிரைவின்போதே மீட்டரைப் பூஜ்ஜியமாக்கி, திரும்பி வந்ததும் அது காட்டும் சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள்.