கிருமி எதிர்ப்புப் பொலிஷ்: தகரத்தை வாங்க முன்னம் பார்க்க வேண்டியவை

கொரோனாவுக்குப் பிறகு கிளினிக்காரர், சலூன்காரர், சாப்பாட்டுக்கடை முதலாளிமார் என்று யார் தளபாடம் செய்விக்க வந்தாலும் "கிருமி நிற்காத பொலிஷ் இருக்காமே, அதை அடிச்சுத் தாங்க" என்கிறார்கள். மட்டக்களப்புக்குப் பக்கத்தில் ஆரையம்பதியில் பொலிஷ் பட்டறை வைத்திருக்கிறேன். தச்சு வேலையை ஓடாவிமார் முடித்து அனுப்ப, பூச்சு வேலை என் கையில். அப்படிக் கேட்டு வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: கடை திறந்த பிறகு மேசையை எதைப் போட்டுத் துடைப்பீர்கள்?

கல்முனையில் ஒரு சாப்பாட்டுக்கடை முதலாளியிடம் கேட்டேன். "காக்கா, மேசைக்கு என்ன போட்டுத் துடைக்கிறாங்க?"

"பொடியன்மார் கையில கிடைக்கிறதப் போடுவாங்க தம்பி."

இதைவிட நேர்மையான பதிலை நான் கேட்டதில்லை. பூச்சைத் தெரிவு செய்ய அந்தப் பதில் போதும்.

ஏனென்றால், கிருமியை மேசையிலிருந்து எடுப்பது துடைப்பதுதான். பூச்சின் முதல் வேலை, அந்தத் துடைப்பைத் தாங்கி, வெடிக்காமல், துளை விடாமல் மூடியிருப்பது. அரக்குப் பொலிஷ் ஸ்பிரிட்டில் கரைத்துச் செய்வது. சானிடைசர் பட்டால் திரும்பவும் கரையும். நைட்ரோ லேக்கர் கொஞ்சம் தாங்கும், ஆனால் நாள்தோறும் 70 வீத அல்கஹோல் பட்டால் இளகி, கை வைக்கிற இடமெல்லாம் பிசுபிசுக்கும். கிளினிக் கவுண்டருக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நான் அடிப்பது டூ பேக் பொலியூரிதேன்தான்; ரெசின் ஒரு தகரம், அதை இறுக வைக்கிற ஹார்ட்னர் ஒரு தகரம், இரண்டையும் கலந்து அடிப்பது. விலை கூட. ஆனால் அல்கஹோலுக்கும் ஐதாக்கிய பிளீச்சுக்கும் சவர்க்காரத் தண்ணிக்கும் நின்றுபிடிக்கிறது.

பழைய தளபாடத்தில் என்ன அடித்திருக்கிறது என்று தெரியாவிட்டால், கண்ணில் படாத ஒரு மூலையில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள். ஒட்டினால் அரக்கு. ஒட்டாவிட்டால் லேக்கர் தின்னரைத் தொட்டுப் பாருங்கள், இளகினால் நைட்ரோ. இரண்டுக்கும் அசையாவிட்டால் டூ பேக் மாதிரியான இறுகின பூச்சு. முதல் இரண்டின் மேலே டூ பேக்கை அடிக்க வேண்டாம், சுருங்கி உரியும். சுரண்டி மரம் வரைக்கும் போங்கள்.

இனி பூச்சில் கலக்கிற அந்தக் கிருமி எதிர்ப்பு மருந்து, அதாவது சேர்மானம். பெரும்பாலும் வெள்ளி அயன் கலந்த தூள், இல்லாவிட்டால் துத்தநாகச் சேர்மம் ஒன்று. வெள்ளி அயன் பக்டீரியாவின் நொதியங்களில் ஒட்டி அவற்றின் வேலையைக் கெடுக்கிறது. இது பொய்யில்லை. ஆனால் ஈரம் இருந்தால்தான் அயன் வெளியே வரும், நேரமும் எடுக்கும். தகரத்தில் "99 வீதம்" என்று போட்டிருந்தால் அது எந்தச் சோதனையில் என்று விநியோகஸ்தரிடம் தாள் கேளுங்கள். வழக்கமாக ஐஎஸ்ஓ 22196 என்கிற சர்வதேசத் தரச் சோதனை இருக்கும். அந்தச் சோதனையில் பக்டீரியா கலந்த நீரை மேற்பரப்பில் விட்டு, மெல்லிய பிளாஸ்டிக் படலத்தால் மூடி, 35 பாகை வெப்பத்தில், 90 வீதத்துக்குக் குறையாத ஈரப்பதனில், 24 மணித்தியாலம் வைக்கிறார்கள். மார்கழி மாதத்து மட்டக்களப்புக்கு அந்த ஈரம் பொருந்தும். ஏசி போட்டுக் காய்ந்து கிடக்கிற ரிசெப்ஷன் கவுண்டருக்குப் பொருந்தாது. காலை பத்து மணிக்குத் தும்மின நோயாளி கை வைத்த இடத்தில் பத்து ஐந்துக்கு அடுத்தவர் கை வைப்பார். அந்த ஐந்து நிமிடத்துக்குள் பூச்சு எதுவும் செய்துவிடாது. அழுக்கும் எண்ணெயும் படிந்திருந்தால் அயனுக்கும் கிருமிக்கும் இடையில் அதுவே சுவர்.

அமெரிக்காவில் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தில் பதிவு செய்யாமல் இப்படியான பொருளை விற்கிறவர், "பொருளைப் பாதுகாக்கும்" என்று சொல்லலாம், "ஆட்களை நோயிலிருந்து பாதுகாக்கும்" என்று சொல்லக்கூடாது. நானும் பில்லில் அந்த அளவோடு நிற்கிறேன்: "பூச்சில் பக்டீரியா, பூஞ்சணம் வளர்வதைக் குறைக்கும் சேர்மானம் கலந்தது, வழமையான சுத்தம் அவசியம்." இதைப் படித்துவிட்டு சேர்மானம் வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. அவர்களுக்குச் சும்மா டூ பேக்.

சேர்மானம் உண்மையில் பிரயோசனப்படுவது பூஞ்சணத்துக்குத்தான் என்பது என் எண்ணம். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஊர்களில் மாரி முழுக்கச் சுவரோடு ஒட்டின அலுமாரியின் முதுகில் பச்சையும் கறுப்புமாகப் பூக்கும். ஆனால் பக்டீரியாவுக்கு என்று விற்கிற மருந்து எல்லாம் பூஞ்சணத்தைத் தடுக்காது. இரண்டையும் தாளில் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். "பூஞ்சணம் பிடிக்காது" என்று தகரத்தில் இருப்பது சில நேரம் தகரத்துக்குள் இருக்கிற திரவம் கெட்டுப்போகாமல் போடுகிற மருந்தைப் பற்றியது. காய்ந்த படலத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை.

மரத்துக்கு வருவோம். ஈரமானியில் 14 வீதத்துக்கு மேலே காட்டினால் நான் பூச்சில் கை வைப்பதில்லை. தேக்கில் எண்ணெய் இருக்கிறது. சீலர் என்கிற அடிப்பூச்சை அடிக்க சற்று முன்னம் தின்னர் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிடிப்பு வராது. முதிரை இறுக்கமான மரம், வடிவாக மூடிக்கொள்ளும். மகோகனியில் நுண்துளை திறந்திருக்கும்; ஃபில்லர் போட்டு அடைக்காமல் மேலே என்ன மருந்து அடித்தாலும் சோற்றுப்பருக்கையும் கறியும் அந்தத் துளைக்குள் போய் உட்கார்ந்துவிடும். ரப்பர் மரம் என்றால் பூச்சி அரிக்காமல் போரன் மருந்து ஏற்றின பலகையா என்று கேட்டு வாங்குங்கள். பாசிக்குடா, அறுகம்பை ஹோட்டல் வேலை என்றால் திருகாணி எல்லாம் துருப்பிடிக்காத உருக்காக இருக்கட்டும். பழைய தளபாடத்தைத் தேய்க்க முன்னம் நல்ல தண்ணியால் உப்பைக் கழுவிக் காய விடுங்கள்.

தேய்ப்பு வழக்கம்போலத்தான்: 120, 180, 240 நம்பர் தேய்க்கிற தாள். பூச்சுக்கு நடுவில் 320.

காலநிலைதான் பெரிய சங்கதி. டூ பேக்கின் ஹார்ட்னர் காற்றில் இருக்கிற தண்ணியோடும் சேரும்; சேர்ந்தால் காபனீரொட்சைட்டு வந்து படலத்துக்குள் குமிழி விடும். லேக்கர் என்றால் வெள்ளை பூக்கும். கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடி, ஆவணியில் பெரிய ஓடர்களை முடிக்கப் பாருங்கள். மாரியில் அவசரம் என்று வந்தால், மழை விட்ட நாளில், வெயில் ஏறி நிலம் காய்ந்த பிறகு தொடங்கி, பின்னேரம் ஈரம் இறங்க முன்னம் நிறுத்துவேன். சுவரில் ஒரு ஈரப்பதன்மானி தொங்குகிறது. 80 வீதத்தைத் தாண்டினால் ஸ்பிரே துப்பாக்கியைக் கழுவி வைத்துவிடுவோம். முதலாளி தொலைபேசியில் கத்தினாலும் அதேதான்.

சீலர் இரண்டு அல்லது மூன்று முறை, தேய்த்துத் தேய்த்து. மேசையின் கீழ்ப்பக்கம், அலுமாரியின் முதுகு, கால் முனை இவற்றை விடவேண்டாம். குறுக்கே அறுத்த முனைதான் அதிகம் ஈரம் குடிக்கும். தரை கழுவுகிற பிளீச் தண்ணி முதலில் ஏறுவதும் அங்கேதான். அதுக்குப் பிறகு மேல்பூச்சு இரண்டு. விலை கூடின சேர்மானத்தைக் கடைசிப் பூச்சில் மட்டும் கலவுங்கள்; அடியில் புதைந்தது மேலே வந்து வேலை செய்யப்போவதில்லை. அளவைத் தராசில் நிறுத்து, ஹார்ட்னர் சேர்க்க முன்னம் ரெசினில் கலந்து, நைலோன் துணியில் வடித்து, அடிக்கும்போது இடையிடையே கிளறுங்கள். தூள் அடியில் தங்கும். கூடப் போட்டால் கூட வேலை செய்யும் என்று நினைத்துக் கொட்ட வேண்டாம். தெளிவான பூச்சு மங்கும், சில வெள்ளிச் சேர்மானம் வெளிச்சத்தில் மஞ்சளிக்கும். ஒரு துண்டுப் பலகையில் அடித்து, பாதியை மூடி வெயிலில் வைத்துப் பார்த்துவிட்டுத் தளபாடத்தில் தொடுங்கள்.

பளபளப்பு எவ்வளவு? மற், அதாவது பளபளப்பில்லாத பூச்சு, கேட்பவர்களிடம் அரைப் பளபளப்புக்கு வரச் சொல்லிப் பேசிப் பார்ப்பேன். மற் வடிவுதான், ஆனால் அதன் மேற்பரப்பு நுணுக்கமாகச் சொரசொரப்பானது, அழுக்கு பிடித்துக்கொள்ளும்.

ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட். ஸ்பிரே அடிக்கும்போது சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். வந்தவருக்குப் பிறகு சிறிது பட்டாலும் இழுக்கும். துணி மாஸ்க்கும் ஆஸ்பத்திரி மாஸ்க்கும் இதைத் தடுக்காது. துகள் வடிகட்டியும் கரி வடிகட்டியும் பூட்டின மாஸ்க், கையுறை, கண்ணாடி, காற்றோட்டம். வேலை பழக வந்த பொடியன் என்றாலும் அவனுக்கும் இதே.

இறைச்சிக் கட்டை, காய்கறி வெட்டும் பலகை, சாப்பாடு நேராகப் படுகிற தட்டு இவற்றில் இந்தச் சேர்மானம் எதையும் அடிக்க வேண்டாம். 1990களில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளைவர் என்பவர் வெட்டும் பலகைகளைச் சோதித்தபோது, மரத்துக்குள் உறிஞ்சப்பட்ட பக்டீரியா பெருகாமல் செத்துப்போவதைக் கண்டார். நல்ல கடின மரமும், கழுவிக் காய வைக்கிற பழக்கமும் அதுக்குப் போதும்.

தொட்டால் காய்ந்துவிட்டது போல இருக்கும், ஆனால் முழுக்க இறுக ஒரு கிழமை எடுக்கும். அதுவரை சானிடைசர், பிளீச் எதுவும் படக்கூடாது. தளபாடத்தோடு ஒரு தாளும் கொடுத்துவிடுவேன்: நாளாந்தம் சவர்க்காரத் தண்ணியில் பிழிந்த துணி, கிருமி நீக்க வேண்டிய இடத்தில் 5 வீத பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணி 49 பங்கு, சில நிமிடம் ஈரமாக விட்டு, பிறகு நல்ல தண்ணியால் துடைப்பு. பிளீச்சோடு மலசலகூடம் கழுவும் அசிட்டைக் கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும். ஸ்டீல் கம்பளி, தேய்க்கிற பவுடர் வேண்டாம்.

வருடத்துக்கு ஒருமுறை போய்க் கவுண்டர் விளிம்பு, கதிரைச் சட்டத்தின் மேல்பக்கம், லாச்சிப் பிடி இவற்றைப் பாருங்கள். கை படுகிற இடம்தான் முதலில் தேயும். தண்ணித் துளி விட்டால் உருண்டு நிற்காமல் ஊறி மரம் கறுத்தால் படலம் போய்விட்டது என்று அர்த்தம். அந்தப் பகுதியை 320 ஆல் தேய்த்து, சீலரும் மேல்பூச்சும் திரும்ப அடிக்க வேண்டும். போன வருடத்து மிச்ச ஹார்ட்னரை இதுக்கு எடுக்க வேண்டாம். ஒருமுறை திறந்த தகரத்துக்குள் நம்மட ஊர்க் காற்றின் ஈரம் போயிருக்கும், பாதி கட்டியாகியிருக்கும். சின்னத் தகரமாகப் புதிதாக வாங்குங்கள்.