தூரம் சொல்லும் பைனாகுலர் நமக்குத் தேவையா? வாங்கும்போது நடக்கும் தவறுகள்

தை பிறந்தால் எனக்குத் தவறாமல் ஒரு போன் வரும். 2015-லிருந்து பொங்கல் நாள்களில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. அதற்காக முதல் தடவை ஏரிக்கரைக்கு வந்து, இரவல் பைனாகுலரில் கூழைக்கடாவைப் பார்த்துவிட்டுப் போன பிள்ளைகளில் யாராவது ஒருவர் கேட்பார்: "அண்ணா, சொந்தமா ஒண்ணு வாங்கப் போறேன். ரேஞ்ச்ஃபைண்டரோட வாங்கட்டுமா, இல்லாததா?"

இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். ஆன்லைனில் நல்ல பைனாகுலரைத் தேடினால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வேட்டைக்காரர்களுக்கென்று செய்தவைதான் முதலில் வந்து நிற்கின்றன. ரேஞ்ச்ஃபைண்டர் என்கிற தூரமானி இருக்கிறது, பட்டனை அழுத்தினால் எதிரே இருப்பது எத்தனை மீட்டரில் என்று உள்ளேயே தெரியும் என்று படித்ததும் மனசு அங்கே போய்விடுகிறது. காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர் பக்கம் இப்படி வாங்கிவிட்டு வருத்தப்பட்டவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

அந்தக் கருவி யாருடைய தேவைக்குச் செய்யப்பட்டது என்று யோசிக்காமல் வாங்குவதுதான் எல்லாத் தவறுக்கும் தாய். துப்பாக்கிக் குண்டு நேர்கோட்டில் போவதில்லை, போகப் போகக் கீழே இறங்கும். 150 மீட்டரா 300 மீட்டரா என்பது வேட்டைக்காரருக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்காகத்தான் லைக்கா நிறுவனம் 1992-ல் லேசர் தூரமானியை பைனாகுலருக்குள்ளேயே வைத்து 'ஜியோவிட்' என்று கொண்டுவந்தது. மலைச்சரிவுக்குக் கோணத் திருத்தம் செய்யும் வசதி பின்னால் வந்த பல மாடல்களில் இருக்கிறது. 30 டிகிரி சரிவில் 200 மீட்டர் என்று அளந்தால், குண்டு எவ்வளவு இறங்கும் என்பதற்குக் கணக்கு கிடைமட்டத் தூரமான 173 மீட்டர்தான். ஏலகிரி உச்சியில் நின்று கீழே பருந்து வட்டமிடுவதைப் பார்க்கிற நமக்கு இந்தக் கணக்கால் ஒரு பயனும் இல்லை.

இங்கே இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டில் வேட்டை குற்றம். சுட்டால் மட்டும்தான் வேட்டை என்று இல்லை. கண்ணி வைப்பது, வலை விரிப்பது, துரத்திப் பிடிப்பது, பிடிக்க முயற்சி செய்வது, பறவையின் கூட்டையும் முட்டையையும் கலைப்பது எல்லாமே சட்டத்தின் கண்ணில் வேட்டைதான். "முயலும் கௌதாரியும் ஊர் வழக்கம்தானே" என்று இன்னும் சிலர் பேசுகிறார்கள். அந்த வழக்கத்துக்கு உதவும் என்று நினைத்து இந்தக் கருவியைத் தேடுகிறவருக்கு என்னிடம் யோசனை கிடையாது.

அடுத்த தவறு, பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்புவது. '1800 மீட்டர் வரை' என்று அச்சடித்திருப்பார்கள். அது பெரும்பாலும் ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும் பலகை மாதிரியான பொருளுக்கு எடுத்த அளவு. மரத்துக்கு அது குறையும், விலங்கின் ரோமத்துக்கு இன்னும் குறையும். ஏன் என்று தெரிந்துகொள்ள, கருவி வேலை செய்யும் விதத்தைப் பார்க்க வேண்டும். பட்டனை அழுத்தியதும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளித்துடிப்பு கிளம்பி, எதிரே இருப்பதில் பட்டுத் திரும்புகிறது. போய்வந்த நேரத்தை வைத்துத் தூரம் கணக்கிடப்படுகிறது. 150 மீட்டரில் இருக்கும் பாறைக்குப் போய்வர அந்த ஒளிக்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. திரும்பி வருவது மிக மெல்லிய ஒளி. நடுப்பகலில் வேலூர் வெயில் அதற்குமேல் கொட்டும்போது கருவிக்கு எது தன்னுடைய ஒளி என்று பிரித்தெடுப்பது சிரமம். பனிமூட்டத்திலும் தூறலிலும் ஒளி வழியிலேயே சிதறிவிடும்.

வள்ளிமலையில் ஒருநாள் காலை, நண்பர் ஒருவருடைய ரேஞ்ச்ஃபைண்டர் பைனாகுலரை வாங்கிப் பார்த்தேன். எதிர்ப்பாறையில் ஆண் மயில் ஒன்று தோகையைக் கோதிக்கொண்டிருந்தது. எனக்கும் அதற்கும் நடுவே உண்ணிச்செடிப் புதர். முதல் தடவை அழுத்தினேன், 31. மறுபடி, 33. காற்றில் செடி கொஞ்சம் விலகிய நேரம் பார்த்து அழுத்தினேன், 142. முன்னால் வந்த இரண்டும் மயிலுக்கான தூரமே இல்லை, உண்ணிச்செடி இலைக்கான தூரம்! ஒளிக்கற்றை போகப் போக விரியும் என்பதால், குறிக்குப் பக்கத்தில் இருக்கும் சுள்ளியும் புல்லும் அதற்குள் வந்துவிடுகின்றன. இதற்கு வழி, விலங்கையே குறிவைக்காமல் அதன் பக்கத்தில் இருக்கும் பாறையையோ பருத்த மரத்தையோ அளப்பது. இரண்டு மூன்று தடவை அளந்து, ஒத்துப்போகிற எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும்.

தூரம் யாருக்குமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வனத்துறையோடு சேர்ந்து நேர்கோட்டுப் பாதையில் நடந்து இரை விலங்குகளைக் கணக்கெடுக்கப் போகிறவர்களுக்குத் தூரம் கட்டாயம் வேண்டும். விலங்கு எத்தனை மீட்டரில், பாதையிலிருந்து எத்தனை டிகிரியில் நின்றது என்ற இரண்டையும் குறித்தால்தான் அது பாதையை விட்டு எவ்வளவு தள்ளி இருந்தது என்று கிடைக்கும். 80 மீட்டரில், 30 டிகிரியில் நின்றால் 40 மீட்டர். இதைக் கண்மதிப்பில் எழுதினால் காட்டில் எத்தனை மான் என்ற முடிவே தப்பாகிவிடும். ஆனால் அதற்கும் தனியாகக் கையில் பிடிக்கிற சின்ன ரேஞ்ச்ஃபைண்டர் போதும். சட்டைப் பையில் அடங்கும், குழுவில் நாலு பேர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். அது பழுதானால் பைனாகுலர் கையில் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால், எலக்ட்ரானிக்ஸ் கெட்ட அன்றைக்கு மொத்தத்தையும் சர்வீசுக்கு அனுப்பிவிட்டு வெறும் கண்ணோடு உட்கார வேண்டியதுதான். போதாக்குறைக்கு, பல மாடல்களுக்கு சி.ஆர்.2 பேட்டரி. பென்டார்ச் பேட்டரி மாதிரி எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கிற பொருள் இல்லை அது.

பேர்ணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்து விவசாயிகள் சிலரும் இதைக் கேட்கிறார்கள். ஆந்திர எல்லையில் கவுண்டின்யா சரணாலயத்திலிருந்து யானைகள் மாந்தோப்புக்கு இறங்கிவிடுகின்றன. எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று தெரிந்தால் நல்லதுதானே என்கிறார்கள். அவர்கள் கவலை நியாயமானது. ஆனாலும் வாங்க வேண்டாம் என்றே சொல்கிறேன். இருட்டில் இந்தக் கண்ணாடி எதையும் காட்டாது. '120' என்று ஒரு எண் தெரிந்ததும், இன்னும் தூரம் இருக்கிறது என்று ஒரு பொய்த் தைரியம் வந்துவிடும். யானைக்கு அந்தத் தூரம் சில நொடி. அந்த நேரத்தில் கையில் இருக்க வேண்டியது வனத்துறைக்குப் பேச ஒரு போன்.

சரி, ரேஞ்ச்ஃபைண்டர் வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் அடுத்து விழும் குழி, பெருக்கம். 8×42 என்றால் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர். எட்டைவிடப் பத்து நல்லது, பத்தைவிட இருபது நல்லது என்று நினைக்கிறார்கள். மடங்கு கூடினால் கை நடுக்கமும் கூடித் தெரியும், பார்க்கும் பரப்பு சுருங்கும். கிளைக்குக் கிளை தாவும் சின்னக் குருவியை அதற்குள் கொண்டுவருவதற்குள் அது பறந்துவிடும். பகல் பதினொரு மணிக்குமேல் பாலாற்று மணலுக்கு மேலாகப் பார்த்தீர்களா? கானல் நெளியும். பத்து மடங்கு வைத்தால் அந்த நெளிவும் பத்து மடங்காகும், பறவை தெளியாது.

வெளிச்சத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25, 10-ஆல் வகுத்தால் 4.2. கண்ணுக்குள் வரும் ஒளிவட்டத்தின் விட்டம் அது, மில்லிமீட்டரில். விடியற்காலையிலும் அந்தியிலும் நம் கண்மணி விரியும்போது பெரிய வட்டம் கைகொடுக்கும். பைனாகுலரைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து வானத்தைப் பார்த்தால் கண்வைக்கும் பக்கத்தில் அந்த வட்டம் தெரியும். ஓரம் வெட்டுப்பட்டு, சதுரம் மாதிரி தெரிந்தால் உள்ளே ஒளியைத் திருப்பிவிடும் பிரிசம் என்ற கண்ணாடிக்கட்டி தரம் குறைந்தது. சூரியன் பக்கம் மட்டும் திருப்பிவிடாதீர்கள். பைனாகுலர் வழியாக ஒரு கணம் சூரியனைப் பார்த்தாலும் கண் போய்விடும்.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் அதைக் கழற்றிவிட்டுச் சோதிப்பதும் தவறு. கண்ணாடியோடு பார்த்து முழு வட்டமும் தெரிகிறதா என்று பாருங்கள். இதற்குக் கண்ணிடைவெளி, அதாவது கண்வைக்கும் பக்கத்துக் கண்ணாடிக்கும் நம் கண்ணுக்கும் நடுவே இருக்கும் தூரம், குறைந்தது 15 மில்லிமீட்டராவது வேண்டும்.

இரண்டு குழலும் ஒரே திசையில் பார்க்கின்றனவா என்பதை வாங்குகிற இடத்திலேயே பார்த்துவிட வேண்டும். தூரத்து செல்போன் கோபுரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டே பைனாகுலரை மெல்லக் கண்ணிலிருந்து விலக்குங்கள். கோபுரம் ஏறி இறங்கி இரண்டாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நானே ஒரு தடவை இதைப் பார்க்காமல் வாங்கி, அரைமணி நேரம் பார்த்தால் தலைவலி என்று இரண்டு மாதம் அவதிப்பட்டேன்.

ரேஞ்ச்ஃபைண்டர் மாடலைச் சோதிப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு வார்த்தை. எண் தெரிவதற்காக உள்ளே ஒரு திரையும் பூச்சும் இருப்பதால், சில மாடல்களில் படம் கொஞ்சம் மங்கும், லேசாக நிறமும் ஏறும். எடையும் ஒரு கிலோவை ஒட்டி வந்துவிடும். சாதாரண 8×42 பொதுவாக 650 முதல் 800 கிராம். கடையில் இந்த வித்தியாசம் தெரியாது. ஜவ்வாது மலையில் மூன்று மணி நேரம் நடந்தபிறகு கழுத்துக்குத் தெரியும்.

வாங்கியபின் நடக்கிற தவறு, தோல் உறை. நம் ஊரே தோலுக்குப் பேர்போனது, அழகாகத் தைத்தும் தருவார்கள். ஆனால் தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் அந்த உறைக்குள் பீரோவில் பூட்டி வைத்தால், கண்ணாடியில் சிலந்திவலை மாதிரி பூஞ்சை படரும். பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். துடைக்கும்போது வேட்டி முனையோ துண்டோ வேண்டாம். முதலில் மணலை ஊதி, மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டு, அதன்பிறகுதான் மைக்ரோஃபைபர் துணி.

கடைசியாகத் தேர்ந்தெடுக்கும்போது, கடைக்காரர் ஒப்புக்கொண்டால் அல்லது நண்பர்கள் தந்தால், இரண்டு மூன்று பைனாகுலர்களோடு சாயங்காலம் ஆறு மணிக்கு வேலூர்க் கோட்டைக்குப் போங்கள். ஜலகண்டேசுவரர் கோவில் கோபுரம் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து நின்று, ஏதாவது ஒரு சிலையின் முகத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். வெளிச்சம் இறங்க இறங்க மாற்றி மாற்றிப் பாருங்கள். மற்றதில் முகம் கரைந்த பிறகும் எதில் கண்ணும் மூக்கும் தெரிகிறதோ, அதை வாங்குங்கள்.