தாய்ச்சி வகுப்பும் முட்டி வலியும்: சரிசெய்த விதம்

தாய்ச்சி என்ற, மெதுவாக அசையும் சீன உடற்பயிற்சியை ஆன்லைனில் கற்கச் சேரும் பெரியவர்கள் பலர் இரண்டே வாரத்தில் "முட்டி வலிக்குது" என்று நிறுத்திவிடுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் பயிற்சியில் இல்லை, போனை வைக்கும் இடத்திலும் திரும்புகிற விதத்திலும்தான்.

தாழ்வான ஸ்டூலில் போனை வைத்துக் குனிந்து பார்த்தால் எடை முன்னால் சாயும், முட்டி கால்விரலைத் தாண்டும். படத்தை டிவிக்கு மாற்றி, கண்மட்டத்தில் வைத்து, ஆறடி தள்ளி நின்றாலே பாதி வலி குறையலாம்.

மீதிப் பாதி, திரும்புகிற விதத்தில். எடை தாங்கிய காலோடு உடம்பைத் திருப்பினால், பாதம் தரையில் ஒட்டியிருக்க முட்டி மட்டும் முறுக்கிக்கொள்ளும். முதலில் எடையை அடுத்த காலுக்கு மாற்றுங்கள். காலியான பாதத்தைக் குதிகாலில் ஊன்றித் திருப்புங்கள். பிறகு இடுப்பு. கை கடைசியில்தான். முட்டி எப்போதும் இரண்டாம் கால்விரலின் திசையையே பார்க்க வேண்டும்.

ஆசிரியர் முதுகு காட்டிச் செய்யும் வீடியோவே நல்லது. எதிரே நின்றால் இடம் வலம் குழம்பும். தாய்ச்சியின் யாங் என்ற பாணியிலிருந்து 1956-ல் சீனாவில் தொகுத்த 24 அசைவு முறையை முதல் மாதமே முடிக்கும் ஆசை வேண்டாம். நாலு அசைவு போதும்.

மதுரையில் மொட்டைமாடி காலை ஆறு மணிக்குச் சரி. கோடையில் வெயில் ஏறினால் தளத்தில் பதித்த ஓடு காலைச் சுடும். வீட்டுக்குள் கிரானைட் தரையென்றால் சாக்ஸ், பாய் இரண்டும் வழுக்கும். கையெட்டும் தூரத்தில் கனமான மரநாற்காலி இருக்கட்டும், பிளாஸ்டிக் சாய்ந்துவிடும். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் எழுந்ததும் அரை நிமிடம் அந்த நாற்காலியைப் பிடித்து நின்றபின் ஆரம்பிக்கவும்.