ஆளுமைக் கோளாறா? சங்கிலியை எழுதிப் பாருங்கள்
கோபக்காரர் எல்லாருக்கும் ஆளுமைக் கோளாறு என்று முத்திரை குத்தாதீர்கள். வீடு, வேலை, நட்பு என எல்லா இடத்திலும் வருடக்கணக்காக ஒரே மாதிரி முட்டிக்கொள்கிறது என்றால்தான் சந்தேகம், அதையும் மனநல நிபுணர்தான் உறுதிசெய்ய வேண்டும் (மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்கக் கையேட்டில் இந்தக் கோளாறில் 10 வகை இருக்கிறது, படித்தால் பத்துமே நமக்கு இருப்பதுபோலத் தோன்றும்!).

சரி, மாறுவது எப்படி? அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய டிபிடி (கட்டுக்கடங்காத உணர்ச்சிகளைச் சமாளிக்கக் கற்றுத்தரும் பேச்சு வழிச் சிகிச்சை) முறையில், கோபம் வெடித்த சம்பவத்தைச் சங்கிலியாக எழுதச் சொல்வார்கள். உதாரணமாக, தோழிக்கு அனுப்பிய மெசேஜுக்குப் பதில் இல்லை, 'என்னை ஒதுக்குகிறாள்' என்ற எண்ணம், படபடப்பு, வரிசையாக 20 மிஸ்டு கால், கடைசியில் சண்டை. இதில் எந்தக் கண்ணியை உடைக்கலாம் என்று பாருங்கள். எண்ணத்தை உடனே மாற்றுவது கஷ்டம். போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு முகத்தில் குளிர்ந்த நீர் அடிப்பது சுலபம். நடுவில் சறுக்கினால், அப்புறம் அதையும் எழுதிவையுங்கள்.