திருவிழாக் கடை விண்வெளி ஓடத்தை 1:200 மாதிரியாக மாற்றுவது

ராமேஸ்வரம் கரைக் கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் விண்வெளி ஓடத்தில் முதலில் தப்பாக இருப்பது வண்ணம் அல்ல, உடம்பு. பெட்டியில் அடங்க வேண்டும் என்று நீளத்தைக் குறுக்கி, இறக்கையை ஒட்ட நறுக்கி, சக்கரத்தை மட்டும் பெருக்கியிருப்பார்கள். பெயிண்ட் வாங்கப் போகுமுன் ஸ்கேலை எடுங்கள்.

இந்தப் பொம்மைகளுக்கு மூலமான நாசாவின் ஷட்டில் ஓடத்தின் மொத்த நீளம் 37.24 மீட்டர். இறக்கை விரிவு 23.79 மீட்டர். நடு உடல் அகலம் சுமார் 5.2 மீட்டர். பலரும் பொம்மையின் நீளத்தை வைத்து விகிதம் போடுவார்கள். அது வேண்டாம், அகலத்தை வையுங்கள். நீளத்தை வெட்டி ஒட்டிக் கூட்டலாம், இறக்கையை நீட்டலாம், உடம்பைப் பருக்க வைக்க முடியாது. பொம்மையின் அகலம் 26 மி.மீ. என்றால் 5200 மி.மீ.-ஐ 26-ஆல் வகுக்க 200 வரும்; அதாவது 1:200, நிஜத்தில் இருநூறில் ஒரு பங்கு. அந்த விகிதத்துக்கு நீளம் 186 மி.மீ., விரிவு 119 மி.மீ. வேண்டும். பொம்மை நீளம் 158, விரிவு 103 இருந்தால், நீளத்தில் 28, இறக்கையில் பக்கத்துக்கு 8 குறைகிறது. இந்தக் கணக்கைத்தான் கீழே எடுத்துக்கொள்கிறோம்.

ஒரே அச்சில் வந்த பொம்மை இரண்டு வாங்குங்கள். இரண்டாவது வெட்டிப் போடுவதற்கு.

அடுத்து பிளாஸ்டிக் என்ன வகை என்று பார்க்க வேண்டும். உள்பக்கத்திலிருந்து சிறு சீவலை எடுத்து நல்ல தண்ணீரில் அமுக்கி, ஒட்டிய காற்றுக் குமிழியை விரலால் தேய்த்து விடுங்கள். மூழ்கினால் பாலிஸ்டைரீன் அல்லது ஏபிஎஸ், வேலைக்கு ஆகும். மிதந்தால் பாலிபுரோப்பிலீன் வகை. பசையும் பிடிக்காது, பெயிண்ட்டும் தோலாக உரியும், வேறு பொம்மை பாருங்கள். கடல் தண்ணீரில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். அதன் அடர்த்தி 1.025, பாலிஸ்டைரீனுக்கு 1.05, மூழ்க வேண்டியதும் தயங்கி நிற்கும்.

திருகுகளைக் கழற்றி, இழுத்து விட்டால் ஓடும் மோட்டாரை எடுத்துவிடுங்கள். அதன் சுருளும் இரும்புத் திருகும் இந்த உப்புக் காற்றில் துருப்பிடித்து, வெள்ளைப் பெயிண்ட்டுக்கு மேலே பழுப்புக் கறையாக வந்து நிற்கும். இரண்டு பாதியையும் பசையால் ஒட்டிவிட்டால் திருகே தேவையில்லை.

வெட்டும் இடம் முக்கியம். சரக்கு அறை முழுக்க உடம்பின் குறுக்குவெட்டு ஏறக்குறைய மாறாது. ஆகவே சேர்க்கும் நீளம் அங்கேதான் போக வேண்டும். மூக்கிலோ வாலிலோ சேர்த்தால் வளைவு கெடும். முதல் பொம்மையை விமானி அறை முடிந்த இடத்துக்குச் சற்றுப் பின்னால் குறுக்கே அறுங்கள். இரண்டாவதன் சரக்கு அறையிலிருந்து 29 மி.மீ. வளையம் எடுங்கள், ஹேக்ஸா பிளேடு ஒவ்வொரு அறுப்புக்கும் சுமார் 1 மி.மீ. தின்னும், அதனால் கோட்டுக்கு வெளியே அறுங்கள். வளையத்தோடு இறக்கைத் துண்டு வந்தால் சீவி எறியுங்கள். மூன்று துண்டையும் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து, உள்ளே இணைப்புக்குக் குறுக்கே பிளாஸ்டிக் பட்டைகளை ஃபெவிக்விக்கால் ஒட்டுங்கள். பட்டை இல்லாத இணைப்பு, தேய்க்கும்போதே விட்டுப் போகும்.

இறக்கைக்குப் பழைய ஏடிஎம் கார்டு போதும், தடிமன் 0.76 மி.மீ., இரண்டு அடுக்கு ஒட்டினால் ஒன்றரை. உண்மையான இறக்கையின் முன்விளிம்புக்கு இரண்டு சாய்வு: உடம்பை ஒட்டிய முன்பகுதி 81 டிகிரி பின்வாங்கியிருக்கும், அதாவது உடம்போடு 9 டிகிரிதான், அதன் பிறகு 45 டிகிரி. பொம்மைகளில் இது ஒரே முக்கோணம். வளையம் சேர்த்த பின் முன்பகுதி பின்னால் தள்ளிப் போயிருக்கும், கார்டில் ஒல்லியான முக்கோணம் வெட்டி முன்னால் நீட்டுங்கள். பின்விளிம்பை 0.5 மி.மீ. வரை தேய்த்து மெலிக்க வேண்டும், 2 மி.மீ. அப்படியே விட்டால் நிஜத்தில் 40 செ.மீ. தடித்த விளிம்பு என்று அர்த்தம்.

பட்டி பார்க்க எம்-சீல் நல்லது. பாம்பன், மண்டபம் பக்கம் பைபர் படகு வேலை செய்பவர்களிடம் பட்டியும் ரெசினும் சுலபமாகக் கிடைக்கிறதே என்று தோன்றும். தொடாதீர்கள். அந்தப் பாலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் இருக்கிறது. பாலிஸ்டைரீனைக் கரைத்து இறக்கையைக் குழைத்துவிடும்.

பொம்மையின் மேலே செதுக்கியிருக்கும் ஓட்டுக் கட்டங்களையும் (ஷட்டிலை வெப்பத்திலிருந்து காக்கும் ஓடுகளைக் காட்டுபவை) பட்டியால் மூடுங்கள். ஓடு ஒன்று சுமார் 15 செ.மீ. சதுரம், 1:200-இல் 0.75 மி.மீ.; இடைவெளி கண்ணுக்கே தெரியாது. கட்டம் போட்டால் நுணுக்கம் கூடும் என்று நினைப்பதுதான் மாதிரியைப் பொம்மையாகவே வைத்திருக்கிறது. ஒரு நாள் இறுக விட்டு, தண்ணீர் தொட்டு 220, 400, 600 எண் வாட்டர் பேப்பரால் வரிசையாகத் தேயுங்கள்.

சக்கரம் வேண்டுமென்றால் பின்னவை 5.6 மி.மீ., மூக்குச் சக்கரம் 4 மி.மீ.; பறக்கும் நிலை என்றால் குழிகளை அடைத்துவிடலாம். பின்னால் முக்கிய எஞ்சின் மூன்று: மேலே ஒன்று, கீழே இரண்டு, வாய் 11.5 மி.மீ. பற்பசை மூடியை உட்பக்கம் குடைந்து வளைவாகத் தேய்த்தால் சரியாக வரும்.

பெயிண்ட்தான் இந்தக் கரையில் ஆளைச் சோதிப்பது. ஒவ்வொரு பூச்சுக்கும் முன் நல்ல தண்ணீரில் கழுவிக் காய வையுங்கள். படிந்த உப்பு பூச்சுக்கு அடியில் ஈரம் இழுத்துக் கொப்புளம் கட்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணல் வந்து ஒட்டும், அறைக்குள் ஜன்னலைச் சார்த்தி அடித்துவிட்டு உடனே வெளியே வாருங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஸ்ப்ரே வெண்மூட்டமாகப் பூத்துப்போகும்; நடுப்பகலில் மெல்லிய பூச்சாக அடித்தால் தப்பலாம். முதலில் பிரைமர், அப்புறம் முழுக்க வெள்ளை. டேப் ஒட்டி அடிப்பக்கம் கறுப்பு; தனிக் கறுப்பு சின்ன மாதிரியில் செத்துத் தெரியும், கொஞ்சம் வெள்ளை கலந்துகொள்ளுங்கள். மூக்கு நுனியும் இறக்கை முன்விளிம்பும் சாம்பல் நிறம். இறக்கை முன்பகுதியின் மேல்பக்கமும் கறுப்பாக இருந்தால் அது கொலம்பியா என்ற ஷட்டில். டிஸ்கவரி, அட்லாண்டிஸ், எண்டவர் என்றால் அங்கே வெள்ளை. பொம்மையோடு வரும் ஸ்டிக்கரில் எந்தப் பெயர் இருந்தாலும், இதைப் பார்த்து ஒட்டுங்கள்.